நெஞ்சில் குத்திய உண்டியல்

போன ஆடியில் மாடிப்படியில் சறுக்கி வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். கையை மேசைமேல் வைத்து அசையாமல் இருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆணி, ஆணியில் தினசரிக் காலண்டர், அதன்மேல் கிளிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ்.

எலும்பு முறியவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"அது உங்க பேட்ஜாம்மா?"

"ஆமா சார், டிஎல்டி பேட்ஜ். நாங்க எவ்ளோ ரேடியேஷன் வாங்குறோம்னு பார்க்கறது."

"அப்ப நீங்கதானே போட்டுக்கணும்?"

"தொலைச்சா பணம் கட்டணும்னு சொல்லியிருக்காங்க சார். அதனால இங்கயே மாட்டிடுவோம். எங்க பெரியப்பா பார்த்தா திட்டுவாரு. அவரு எஸ்டேட்ல ஆர்டி எடுக்கறாரு, அவருக்கும் இதே பேட்ஜ்தான்."

பேட்ஜை நெஞ்சில் குத்த வேண்டும், ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. விதி அவ்வளவுதான். அந்த அறையில் மூன்று மாதம் சுவர் வாங்கிய கதிர்வீச்சு, அந்தப் பெண்ணின் பெயரில் கணக்கேறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. பெரியப்பாவின் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். கூப்பிட்டுப் பேசி, அவர் வேலை செய்யும் எஸ்டேட்டுக்குப் போனேன்.

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை இங்கே எல்லாரும் 'எஸ்டேட்' என்றுதான் சொல்வார்கள். கண்ணாடி முகப்பு வைத்த ஐ.டி. கட்டடங்கள் வந்தபிறகும் உள்தெருக்களில் லேத் சத்தமும் கட்டிங் ஆயில் வாசனையும் இருக்கின்றன. பெரியப்பா வேலை செய்யும் இடம் அப்படி ஒரு தெருவின் கடைசியில். ஃபவுண்டரிகளில் வார்த்த வால்வு பாடிகளும் வெல்டிங் முடிந்த குழாய்களும் அங்கே வரும். இரும்பின் வயிற்றுக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா, வெல்டிங்கில் கசடு மாட்டியிருக்கிறதா, வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று வெட்டாமல் பார்க்க வேண்டும். மனிதனுக்கு எக்ஸ்ரே, இரும்புக்கு ஆர்டி எனப்படும் ரேடியோகிராஃபி சோதனை. பாய்லரிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் போய் உட்காரப்போகிற உருப்படிகள் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகின்றன.

பெரியப்பாவை நான் அண்ணன் என்றே கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். செய்யாறு பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு வந்தவர், முதலில் இருட்டறையில் ஃபிலிம் கழுவும் உதவியாளாகச் சேர்ந்தார். பிறகு கம்பெனி செலவில் பயிற்சிக்குப் போய், தேர்வெழுதி, ரேடியோகிராஃபர் ஆனார். சட்டையின் இடப்பக்கம் பேட்ஜ் இருந்தது. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, என் பையில் பேனா மாதிரி ஒரு டோசிமீட்டரைச் செருகிவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

கனத்த கான்கிரீட் சுவர் வைத்த அறை. நடுவே ஒரு வால்வு பாடி. அதன் பின்பக்கம் ஃபிலிம் கேசட்டைக் கட்டி, ஈய எழுத்துகளால் உருப்படி நம்பரை ஒட்டினார். இந்தப் பக்கம் 'கேமரா'. பெயர்தான் கேமரா. அது இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு கவசப்பெட்டி. கதிர்வீச்சைத் தடுக்க ஈயத்தைவிட அடர்த்தியான யுரேனியத்தைக் கவசமாக வைத்திருக்கிறார்கள். செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம். உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இரிடியம்–192, கதிர்வீச்சை உமிழும் 'சோர்ஸ்'. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். கேபிள் தள்ள, சோர்ஸ் பெட்டியை விட்டுக் குழாய் வழியே வால்வுக்கு எதிரே போய் நின்றது. ஸ்டாப்வாட்ச். சத்தம் இல்லை, வாசனை இல்லை, வெளிச்சம் இல்லை. நேரம் முடிந்ததும் கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினார்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"மீட்டர் பார்க்காம ஒரு அடி வைக்கக் கூடாது சார். கைப்பிடி சுத்திடுச்சு, சோர்ஸ் உள்ள வந்துடுச்சுன்னு நம்ம மனசுதான் சொல்லும். மீட்டர் சொல்லணும்."

சர்வே மீட்டரை முன்னால் நீட்டியபடி கேமராவைச் சுற்றி, குழாயின் நுனிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். பிறகு இருட்டறை, டெவலப்பர், ஃபிக்ஸர். அங்கே நடந்ததில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. என் கவனமெல்லாம் அவர் சட்டையில் இருந்த பேட்ஜில்தான்.

இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பது 1952இல் ஃபிலிம் பேட்ஜோடு தொடங்கியது. 1975 முதல் டிஎல்டி வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பேட்ஜ் இது. உள்ளே ஓர் அலுமினியத் தகடு, தகட்டில் மூன்று வட்ட வில்லைகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. கால்சியம் சல்ஃபேட்டில் துளி டிஸ்ப்ரோசியம் கலந்து, டெஃப்லானோடு சேர்த்து அழுத்தியவை. கால்சியம் சல்ஃபேட் நமக்குப் புதிதில்லை. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் அதே சேர்மம்தான். ஒரு வில்லைக்கு மேல் செம்பும் அலுமினியமும், ஒன்றுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. வந்தது ஆழமாகப் பாயும் காமாவா, எக்ஸ் கதிரா, தோலோடு நிற்கும் பீட்டாவா என்று மூன்றின் கணக்கையும் ஒப்பிட்டுப் பிரித்தறியலாம்.

சிறுவயதில் திருவிழாவில் வாங்கும் மண் உண்டியலைப் போன்றது இந்த வில்லை. படுகிற கதிர் படிகத்துக்குள் கொஞ்சம் ஆற்றலைப் போட்டுவிட்டுப் போகிறது. எலக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டு பொறியில் மாட்டியதுபோல் உள்ளேயே கிடக்கின்றன. மாதக்கணக்கில் கிடக்கும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் 300 டிகிரியை நெருங்கும் சூடான நைட்ரஜன் வாயுவை வில்லையின்மேல் பாய்ச்சுவார்கள். மாட்டிக் கிடந்தவை விடுபட்டு, வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கக்கும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு டோஸ். மண் உண்டியலை உடைத்தால் போயிற்று. இது காலியானதும் மறுபடி சேர்க்கத் தயாராகிவிடும். கல்பாக்கம் அணுமின் நிலையத் தொழிலாளியும், ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்யும் டாக்டரும், மண்ணூர்பேட்டை எக்ஸ்ரே பெண்ணும், இந்த அண்ணனும் நெஞ்சில் குத்திக்கொள்வது இதே வில்லைகளைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான். வாழ்நாள் முழுக்க வாங்கிய டோஸ் அந்த நம்பரின்கீழ் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது.

எதற்கு இவ்வளவு கண்காணிப்பு? தொழிலாளிக்கு ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு), அதாவது ஆண்டுக்குச் சராசரி 20, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் நோயாளிக்குக் கிடைப்பது 0.1கூட வராது. அண்ணன் கையாளும் சோர்ஸின் வீரியம் 20 கியூரி இருந்தால், கவசமில்லாமல் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஓராண்டுக்கான 20 மில்லிசீவர்ட்டும் பதின்மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் என்றால் எட்டு வினாடி. 1999இல் பெரு நாட்டின் யானாங்கோவில் கழன்று கிடந்த இரிடியம் சோர்ஸ் ஒன்றை, என்னவென்று தெரியாமல் ஒரு வெல்டர் எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். அவர் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்–60 காயலான் கடைக்காரர்களின் கைகளுக்குப் போய் ஒருவர் இறந்தார். உடம்புக்கு இதை உணரும் புலன் கிடையாது. நெருப்பு என்றால் கை தானே பின்னால் வரும். இங்கே தோல் சிவக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்த இல்லாத புலனுக்குப் பதிலாகத்தான் மீட்டரும் பேட்ஜும்.

டீ குடிக்கப் போகலாம் என்றார் அண்ணன். பேட்ஜைக் கழற்றி ஆபீஸ் அறையிலிருந்த ஸ்டாண்டில் மாட்டினார். கதிர் படாத அந்த இடத்தில் எப்போதும் ஒரு 'கன்ட்ரோல்' பேட்ஜும் இருக்கிறது. சுற்றுப்புறத்தில் இயல்பாக இருப்பதை அது கணக்கெடுக்கும். மண்ணூர்பேட்டை வரை நடந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அந்த ராத்திரியைச் சொன்னார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், வேறொரு காண்டிராக்டரிடம் இருந்தபோது நடந்தது. வெளியூரில் ஒரு ஆலை, ஷட்டவுன் வேலை. ஆட்கள் இல்லாத ராத்திரியில்தான் ஆர்டி எடுப்பார்கள். கயிறு கட்டி, எச்சரிக்கை விளக்கு வைத்து, குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாக ஷாட் எடுக்க வேண்டும். கிளம்பும் முன்னால் சூப்பர்வைசர் எல்லார் பேட்ஜையும் வாங்கி ஆபீஸ் டிராயரில் பூட்டிவிட்டார்.

"ரீடிங் ஏறிடுச்சுன்னா விசாரணை வரும், உன்ன ரேடியேஷன் வேலையிலருந்து நிறுத்திடுவாங்க, அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் தோணுச்சு சார். அப்ப ஃபிலிம் கணக்குக் கூலி. பையன் பொறந்து ஆறு மாசம்."

நள்ளிரவுக்கு மேல் ஒரு ஸ்டாண்ட் சாய்ந்து குழாயின்மேல் விழுந்து நசுங்கியது. சோர்ஸ் நுனியில் மாட்டிக்கொண்டது. கைப்பிடி நகரவில்லை. எல்லாரையும் தூர விலக்கிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் படித்தது. காலை ஷிப்டுக்குள் வேலை முடிய வேண்டும் என்று போனில் உத்தரவு வந்தது. நீளமான கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினார், குழாயை நெம்பினார், திரும்பி ஓடிவந்தார். நான்கு தடவை. நான்காவது தடவையில் சோர்ஸ் உள்ளே வந்தது.

"எவ்ளோ கிட்டப் போனீங்க அண்ணே?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் குறுக்கினார். அந்த முறை வந்த ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். டிராயரில் இருந்த பேட்ஜ் பொய் சொல்லவில்லை. டிராயர் வாங்கிய டோஸ் பூஜ்ஜியம்தான்.

அப்போதே இரத்தம் எடுத்திருந்தால், உண்மையான டோஸை அறிய வழி இருந்திருக்கும். வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் உடைந்து தவறாக ஒட்டியிருப்பதை எண்ணி டோஸைக் கணிக்கலாம். போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையிலேயே இந்த ஆய்வைச் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தடயம் வருஷம் போகப் போகக் குறைந்துவிடும்.

எனக்குக் கோபம் அந்தச் சூப்பர்வைசர்மேல் மட்டும் இல்லை. ஆலை ஒரு கம்பெனிக்கு வேலையைக் கொடுக்கிறது, கம்பெனி துணைக் காண்டிராக்டருக்குக் கொடுக்கிறது, அவன் ஃபிலிமுக்கு இத்தனை என்று பேசி ஆளைக் கூட்டிவருகிறான். ஒவ்வொரு படியிலும் பணம் கொஞ்சம் தங்கிவிடுகிறது, கீழே இறங்குவது அவசரம் மட்டும்தான். சர்வே மீட்டரைப் பிடித்து நிதானமாக நடக்கும் ஒரு நிமிடத்துக்குக் கூலி இல்லை, ஃபிலிமுக்குத்தான் கூலி. ரீடிங் ஏறினால் மாற்றுவேலை கொடுத்து முழுச் சம்பளமும் தருவேன் என்று முதலாளி சொன்னால் எந்தத் தொழிலாளி பேட்ஜைக் கழற்றுவான்? ரீடிங் ஏறியவனை வீட்டுக்கு அனுப்பினால், எஞ்சியவர்கள் உண்டியலை ஒளிக்கத்தான் செய்வார்கள். தன்னைக் காக்க வந்த பொருளைப் பார்த்து ஒருவன் பயப்படும்படி செய்வது கொடுமை. அந்தப் பயத்தில் காசு பார்ப்பது திருட்டு. ஸ்கேன் சென்டர் ஆணியில் தொங்கியதும் அதே பயம்தான், அளவுதான் சிறியது.

இப்போதைய இடம் அப்படி இல்லை என்றார். மாதச் சம்பளம், பேட்ஜ் இல்லாமல் அறைக்குள் விடுவதில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் மொத்தம் எவ்வளவு வாங்கினோம் என்று அவருக்குத் தெரியாது. ரிப்போர்ட் ஆபீசுக்கு வரும், ஃபைலுக்குப் போகும். 2004ஆம் ஆண்டின் அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, தொழிலாளி கேட்டால் அவருடைய டோஸ் பதிவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தி.

"எழுதிக் கேட்டாக் கொடுத்துத்தான் ஆகணுமா?"

"ஆமாண்ணே."

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். மணிக்கட்டு இன்னும் வலித்ததால் மெதுவாகத்தான் எழுத முடிந்தது. தன் பேட்ஜ் நம்பரை ரேஷன் கார்டு நம்பர்போல் மனப்பாடமாகச் சொன்னார். சேர்ந்த வருஷத்திலிருந்து இன்றுவரை என்று எழுதினேன். கையெழுத்துப் போட வாங்கியவர், போடாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ராத்திரியையும் சேர்த்துடுங்க. தேதி ஞாபகம் இல்ல. ஆனா கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். பேட்ஜ் டிராயர்ல இருந்துச்சு, நான் சோர்ஸ் பக்கத்துல இருந்தேன்னு எழுதுங்க."

கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன்.