வெயிலில் ஃபிளாஷ்

"இவ்வளவு வெயில் அடிக்குது, ஃபிளாஷ் எதுக்கு சார்?" கல்யாண வீடுகளில் என்னை அதிகம் பேர் கேட்ட கேள்வி. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. முகூர்த்த நாளானால் லீவு போட்டுவிட்டு கேமராவோடு கிளம்பிவிடுவேன்.

சூரியன் உச்சியில் நின்றால் கண்குழியில் நிழல் விழும். நம் ஆட்கள் கறுப்பு, உடுத்துவது வெள்ளை வேட்டி. வேட்டிக்கு அளந்து எடுத்தால் முகம் கரி. முகத்துக்கு அளந்தால் வேட்டி வெளுத்துப்போகும். எதிரிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் தந்தால் இரண்டும் பிழைக்கும். கொஞ்சம்தான். முழுசாகக் கொடுத்தால் சுண்ணாம்பு அடித்த முகம்!

என்னுடையது இரட்டை லென்ஸ் யாஷிகா மேட். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 நொடியிலும் ஃபிளாஷ் வேலை செய்யும். பென்டாக்ஸ் கே1000 வைத்திருந்த நண்பர்கள் 1/60-ஐத் தாண்டினால் படத்தில் ஒரு பகுதி இருட்டாகிவிடும். வெயிலில் 100 ஸ்பீடு பிலிமுக்கு 1/500, எஃப் 8. ஃபிளாஷ் அதற்கு ஒரு ஸ்டாப் குறைவாக.

திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் ஒரு கல்யாணம். வாசலில் குரூப் போட்டோ. பெண்ணின் பாட்டி ஒதுங்கி நின்றார். "போட்டோவுல எனக்கு மூக்குத்தி மட்டும்தாம்ப்பா விழும்."

ஃபிளாஷைக் கழற்றி நீள ஒயரில் மாட்டி, ஒரு பையனிடம் கொடுத்தேன். இடப்பக்கம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். பாட்டியைத் தனியாக ஒன்று எடுத்தேன்.

சில வருஷம் கழித்து பேரன் வந்தான். "நெகடிவ் இருக்கா சார்? பதினாறாம் நாளுக்குள்ள வேணும். மத்த எதுலயும் பாட்டி முகமே தெரியல."

12-க்கு 15 சைஸில் போட்டுக் கொடுத்தேன். கண்ணோரச் சுருக்கம் வரை தெரிந்தது. மூக்குத்தியும்தான்.