நான் பார்க்காத நிறம்

எங்கள் இயற்கைக் கழகத்தின் பறவை நோக்கல் நடைகளை வழிநடத்திய காலத்தில், தெரியாத பறவைகளுக்குத் தெரிந்ததுபோல் பெயர் சொல்லியிருக்கிறேன். வாய் தவறி அல்ல, தெரிந்தே, பலமுறை. அந்தப் பெயர்களை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியின் பட்டியலில் ஏற்றி, உடன் வந்த உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தும் இருக்கிறேன். இதைச் சொல்லாமல் இனியும் அவர்கள் முன்னால் பைனாகுலரோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கூழைக்கடாவிலும் பூநாரையிலும் இந்தத் தப்பு நடக்காது. பள்ளிக்கரணைச் சதுப்புக்கோ பெரும்பாக்கம் ஏரிக்கோ முதல்முறை வரும் பிள்ளைகள்கூட அவற்றை அரை மணி நேரத்தில் இனம் பிரித்துவிடுவார்கள். சிக்கல் உள்ளான்களில்தான். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உறவான டெம்மிங்க் உள்ளானுக்கு மங்கிய மஞ்சள். இரண்டுமே சிட்டுக்குருவி அளவுதான், மேய்வதும் சேற்றில். சேறு அப்பிய காலில் நிறத்தை எங்கே தேடுவது? முதுகையும் மார்பையும் பார்க்கலாம் என்றால் காலை வெயில் எதிரே நின்று அதையும் மறைக்கும். கோரை உள்ளான், ஊசிவால் உள்ளான் கதை இன்னும் கடினம். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது கோரை உள்ளான். ஊசிவாலின் ஊசி போன்ற இறகுகளோ, அது வாலை விரித்தால்தான் தென்படும். புல்லுக்குள் பதுங்கி உட்கார்ந்திருப்பதைச் சாலையோரத்திலிருந்து பார்த்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல, என்னைவிடத் தேர்ந்தவர்களே தயங்குவார்கள். நான் தயங்கியதில்லை.

விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி வந்தவர்களை ஏமாற்றி அனுப்பக் கூடாது என்று நினைத்ததாகச் சொல்லலாம். அப்படி ஓர் எண்ணம் இருந்ததும் உண்மை. ஆனால் அதை முதல் காரணமாகச் சொன்னால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். சுற்றி நிற்பவர்கள் “சார், அது என்ன?” என்று கேட்கும்போது “தெரியவில்லை” என்று சொன்னால் என் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

ஒருநாள் கல்லூரி மாணவி ஒருத்தி ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கால் கறுப்பாத்தானே தெரியுது சார்?” என்றாள். நான் அதற்குள் டெம்மிங்க் என்று அறிவித்திருந்தேன். “இல்லம்மா, மஞ்சள். நல்லாப் பாரு” என்றேன். எனக்குத் தெரிந்தது சேறு மட்டும். அவள் மறுபடி குனிந்து பார்த்து, “ஆமா சார், மஞ்சள்தான்” என்றாள். அங்கிருந்தவர்களில் உண்மையாகப் பறவை பார்த்தவள் அவள் ஒருத்திதான். தன் கண்ணை நம்பாதே, என் பேச்சை நம்பு என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். நான் செய்த தவறுகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்றைய பட்டியலில் டெம்மிங்க் உள்ளானின் எண்ணிக்கை அந்த இடத்துக்கு மிக அதிகமாக இருந்ததால், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டு எழுதினார். பறவைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கால் நிறம், மார்பின் சாம்பல் பூச்சு, வாலோர வெள்ளை என்று பதில் எழுதினேன். எதையும் நான் பார்த்திருக்கவில்லை. அவர் நம்பி ஏற்றுக்கொண்டார். சம்பளமில்லாமல் ஊராரின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஒரு மனிதரை ஏமாற்றினேன்.

ஒரு சின்னப் பறவையின் பெயர் மாறினால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. 2023இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை அந்தச் சமாதானத்தை உடைத்தது. 942 இனங்களை மதிப்பிட்ட அந்த அறிக்கைக்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் இ-பேர்டில் ஏற்றிய மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நிற்பவர்கள். வலசை வரும் கரையோரப் பறவைகள் கடுமையாகக் குறைந்து வருவதாக அது சொல்கிறது. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு நம் சதுப்புக்கு வரும் இந்தக் கொசு உள்ளான்களும் அந்தக் கூட்டத்தில்தான் சேரும். எந்தப் பறவைகளுக்கு நேர்மையான கணக்கு இன்று மிக அவசரமோ, அவற்றின் கணக்கில்தான் நான் கற்பனையைக் கலந்தேன்.

இத்தனைக்கும் அந்தச் செயலியிலேயே வழி இருக்கிறது. ‘கோரை அல்லது ஊசிவால் உள்ளான்’ என்று இரண்டையும் சேர்த்துப் பதியலாம். ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றும் பதியலாம். அது குறைந்த மதிப்புள்ள பதிவல்ல, உண்மையான பதிவு. நான் அந்த வசதியைப் பயன்படுத்தவும் இல்லை, புதியவர்களுக்குக் காட்டவும் இல்லை.

இப்போது என் பழைய பட்டியல்களைத் திருத்தி வருகிறேன். படமோ நோட்டுப் புத்தகக் குறிப்போ இல்லாத உள்ளான்களையெல்லாம் பொதுப்பெயருக்கு மாற்றுகிறேன். அவற்றில் சில சரியாகவும் இருந்திருக்கலாம். எவை என்று எனக்கே நினைவில்லாதபோது அவற்றை விட்டுவைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தத் தன்னார்வலருக்கும் உண்மையை எழுதிவிட்டேன்.

ஆனால் நான் திருத்துவதால் மற்றவர்களின் பட்டியல் திருந்தாது. பகிர்ந்ததை ஏற்றுக்கொண்டவர்களிடம் தனிப் பிரதி இருக்கிறது. என்னோடு நடந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: என் பெயரில் வந்த பட்டியல்களைத் திறந்து, உள்ளான்களில் நீங்களே அடையாளம் கண்டு உறுதி செய்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மாற்றிவிடுங்கள். உங்கள் வாழ்நாள் பட்டியலில் ஓர் இனம் குறையும் என்றால், அதைக் கூட்டியது நான், மன்னியுங்கள்.