விலையில்லா முழவு

பாட்டிற்கு உயிர் இசையாயின், அவ்வுயிர்க்கு நாடி தாளமாகும். காஞ்சிக்கு அணித்தாய ஐயம்பேட்டையில், கிறிஸ்து பிறந்தநாட் கீர்த்தனைகளைப் பதிவு செய்ய விரும்பிய எம்மனைய இளைஞர்க்கு, முழவே பெருந்தடையாயிற்று. கணினியில் முழவொலி தரும் மென்பொருள்கள் பல உள. அவற்றுட் சில, எம் தந்தையர் தறியிற் பன்னாள் உழைத்துப் பெறும் கூலியை விழுங்கவல்லன. களவாய்ப் பெயர்த்த படியொன்றைத் தருவேன் என்றார் நண்பரொருவர். இறைவனைப் பாடுதற்குக் களவு துணையாதல் தகுமோ? மறுத்தோம்.

அறநெறி வழுவாது விலையின்றிப் பெறத்தக்கதும் ஒன்றுண்டு. அதன் பெயர் ஹைட்ரஜன். அலெஸ்ஸாண்ட்ரோ கொமினு என்பார் தொடங்கிவைக்க, பலர் கூடி வளர்த்தது. 1989-இல் முதன்முதல் வெளிவந்த ஜி.பி.எல். என்னும் உரிமமுறையைத் தழுவியதாகலின், எவரும் அதனைப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

நெசவூரார்க்கு அதன் அமைப்பு புதிதன்று. 1804-இல் பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் வகுத்த பொறியில், அட்டையிலே துளையுள்ள இடத்துப் பாவிழை உயரும், துளையில்லாவிடத்து உயராது. அவ்வாறே இங்கும் நிரை ஒவ்வொன்றும் ஒரு கருவி. கட்டம் ஒவ்வொன்றும் ஒரு காலக்கூறு. குறியிட்ட கட்டத்தில் ஒலி பிறக்கும். வெறுங்கட்டத்தில் அமைதி நிலவும். சேலையின் உடலையும் கரையையும் இணைப்பதும் கோர்வை; தாளத்தை முடித்து நிறுத்துவதும் கோர்வையன்றோ? ஒவ்வோர் அடியின் வன்மை மென்மையையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். எல்லாம் ஒரே வன்மையவாயின், கேட்போர்க்குப் பொறியின் ஓசையே புலப்படும்.

ஆயினும் ஒரு குறை கண்டோம். அதனோடு வந்த ஒலித்தொகுதிகள் மேனாட்டு முழவுகளே, பறையுமில்லை, தவிலுமில்லை. பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் எனத் தோற்கருவிகளை அடியார்க்குநல்லார் நிரல்படக் கூறிய மொழியைக் கற்கும் எமக்கு, அவ்வின்மை மனத்தை உறுத்திற்று. நாமே பதிந்த ஒலிகளைச் சேர்த்துக்கொள்ளவும் அம்மென்பொருள் இடந்தருகின்றது. ஆகலின், பறை முழக்கும் முதியவரொருவரிடம் கருத்தை விளக்கி, இசைவு பெற்று, ஊதியமும் அளித்து, மெல்லடி முதல் வல்லடி ஈறாக ஒவ்வொன்றையும் கைப்பேசியிற் பதிவு செய்தோம். தம் கையொலி தாம் காணா ஊர்களிலும் முழங்கும் எனக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது.

விலையின்றிப் பெற்றோம் என மகிழ்ந்திருத்தல் மட்டும் போதாது. பெற்ற கலத்தில் நம் நாட்டு ஒலியையும் நிறைத்துப் பிறர்க்கு ஈதலே பெற்றதற்குக் கைம்மாறு. மாணவ நண்பர்காள்! நும் ஊர்களில் ஒலி மறையும் தோற்கருவி எதுவோ, அதனை முழக்குவார் உளராகும்போதே சென்று கேண்மின், பதிமின், பகிர்மின்.