பட்டத்துக்கு மேல ஒரு கோடு

சினிமா பார்த்துக் கெட்டுப்போன கூட்டம் என்று நம்ம சனங்களைப் பற்றி ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. மேடையில் பேசுகிற தோழர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். படங்களுக்கும் ஏழை சனங்களுக்கும் இருந்த உறவைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னால் அது 'பிம்பச் சிறை' என்று தமிழிலும் வந்தது. அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும், நாற்பதைத் தாண்டி, கறுப்புக் கோட்டு போட்டு கோர்ட்டுக்குப் போய்வருகிற ஒருத்தன், சினிமாவில் வருகிற இருபது வயதுப் பையனைத் தன் நாயகன் என்று சொல்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கணும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பையன் பேரு பரியன். மாரி செல்வராஜ் எடுத்து, பா. ரஞ்சித்தின் நீலம் தயாரித்து, 2018 செப்டம்பர் 28இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்து நாயகன். புளியங்குளத்துக்காரன். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கிறான். பேரைச் சொல்லும்போதே பி.ஏ.,பி.எல். என்று சேர்த்து, மேல ஒரு கோடு என்பான். படிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எங்க ஊர் இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில். ஜூன் மாசம் சாரல் விழுந்துவிட்டால் ரோட்டில் வண்டியாகப் போகும். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எங்க வயலும் தோப்பும் குமாரர் கோயிலும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அந்த வயலில் கார் நடவும் பிசான அறுப்பும் செய்த கைகள் எங்க தெருக் கைகள். வேலை செய்கிற சனத்துக்கு ராத்திரி ஒரு கதை வேணும். கதைக்கு ஒரு நாயகன் வேணும். அந்த நாயகன் எங்கேயிருந்து வந்தான் என்று பார்த்தால் நம்ம வரலாறே அதில் இருக்கிறது.

எங்க தாத்தாவுக்கு மதுரைவீரன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம். செருப்புத் தைக்கிற வீட்டில் வளர்ந்தவன் மதுரையையே கலக்கினான் என்று பார்த்து நம்ம சனம் பூரித்துப்போனது. ஆனால் படத்தில் அவன் பிறப்பு என்ன? ராசா வீட்டுப் பிள்ளை. சகுனம் சரியில்லை என்று காட்டில் விட்டுவிட்டார்கள், அதனால் நம்ம வீட்டில் வளர்ந்தான், அவ்வளவுதான். அச்சில் வந்த கதைப்பாட்டிலும் இப்படித்தான். எங்க பக்கத்து வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை பாடுவார்கள். பாப்பார வீட்டில் பிறந்து, செருப்புத் தைக்கிற குடும்பத்து அக்கா தங்கச்சி பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டவன் பட்டன். அதிலும் அந்தப் பெண்களைப் பிறப்பால் பாப்பாரப் பிள்ளைகள் என்று மாற்றின பாடங்கள் உண்டு. வீரமோ அழகோ அறிவோ நம்ம வயிற்றில் பிறந்திருக்கக் கூடாது. பிறந்திருந்தால், வேற யாரோ விட்டுட்டுப் போனதாக இருக்கணும். கதையிலேயே இந்தக் கதி.

எங்க அய்யாவுக்கும் எம்.ஜி.ஆர்.தான். படகோட்டி, விவசாயி, ரிக்சாக்காரன் என்று வேலை செய்கிறவன் பேரிலேயே படம் வந்தது. வயலில் பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன் 'ஏல' என்று கூப்பிடும்போது குனிந்து நிற்கிற எங்க அய்யா, கொட்டகைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்துதான் நிமிர்ந்தார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். செத்தபோது மொட்டை போட்டுக்கொண்டார். அதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நிமிர வேற இடம் கிடைக்காதவன் கிடைத்த இடத்தில் நிமிர்ந்தான். ஆனால் அந்த நாயகன் எந்தத் தெரு என்று படம் சொன்னதே கிடையாது.

நான் மீசை முளைக்கிற வயசில் இருந்தபோது வந்தவை சின்ன கவுண்டர், தேவர் மகன், எஜமான், நாட்டாமை. 1991 முதல் 1994க்குள் வரிசையாக வந்தன. இப்போது நாயகனுக்குத் தெருவும் உண்டு, சாதியும் உண்டு, துண்டும் உண்டு. தீர்ப்புச் சொல்கிறவன் அவன். கையைக் கட்டி நிற்கிற கூட்டத்தில் பேர் இல்லாமல் நிற்கிறவன் நம்ம ஆள். அதில் ஒரு படத்துப் பாட்டைக் கோயில் கொடையில் ரேடியோ செட்டில் எங்க தெருப் பக்கம் குழாயைத் திருப்பி வைத்துப் போடுவார்கள். பாட்டே கல்லெறி மாதிரி வந்து விழும்.

அது சினிமாவோடு நிற்கவில்லை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீசே வீடு புகுந்து அடித்து நொறுக்கியது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர்கள் பேரையும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அதே வருசம் எடுத்துவிட்டார்கள். சண்டையில் செத்த ஒரு வீரனின் பேரை, நம்ம ஆள் என்பதற்காக, ஒரு தகரத்தில் சில மாசம் கூட விட்டுவைக்கவில்லை.

எங்க ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுந்தரபாண்டியபுரம். 'ரோஜா' எடுத்த ஊர். 2005இல் 'அந்நியன்' படப் பாட்டுக்காக அங்கே பாறையில் நடிகர்கள் முகத்தைப் பெரிசு பெரிசாக வரைந்தார்கள். இன்றைக்கும் டூரிஸ்ட் வண்டிகள் அங்கே நிற்கும். எங்க பக்கத்து மலையைச் சினிமா அருவியாகக் காட்டும், வயலைப் பச்சைப் படுதாவாகக் காட்டும், பாறையில் முகமும் எழுதும். வயலில் நிற்கிறவன் முகத்தை எழுதினதில்லை.

இந்த வரிசையில்தான் பரியன் வருகிறான். ராசா வீட்டுப் பிள்ளை இல்லை. அய்யா, பெண் வேசம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞர். அந்த வேசத்தில் நடித்த தங்கராசு நிசமாகவே நம்ம பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர். 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். பரியன் பத்துப் பேரைத் தூக்கி அடிக்கிறவன் இல்லை. அழுகிறான், பயப்படுகிறான், குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறான். இங்கிலீசில் நடத்துகிற பாடம் விளங்கவில்லை என்று வகுப்பிலேயே சொல்கிறான்.

அந்த இடத்தில்தான் அவன் எனக்கு நாயகனானான். நான் வெளியூர்ச் சட்டக் கல்லூரி ஒன்றில் படித்தேன். தமிழில் படித்துவிட்டுப் போனவனுக்கு முதல் வருசம் முழுக்க வாத்தியார் வாயசைவுதான் தெரிந்தது. ஒருநாள் ஒரு வாத்தியார் என்னை எழுப்பிவிட்டு இங்கிலீசில் கேள்வி கேட்டார். நின்றேன். 'ஸ்காலர்சிப் வாங்க மட்டும் தெரியுதோ' என்று தமிழில் கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இருபது வருசம் என் காதிலேயே இருந்தது. எங்க வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. கூலி வேலை பார்த்துப் பணம் அனுப்புகிற அம்மாகிட்ட என்னவென்று சொல்வது? 2018இல் தென்காசியில் ஒரு தியேட்டர் இருட்டில், எனக்கு நடந்ததை எனக்குத் தெரியாத ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான். அது என் ஒருத்தன் கதை இல்லை என்று அன்றைக்குத்தான் உடம்புக்குத் தெரிந்தது. புத்தி அதை முன்னாடியே படித்திருந்தது. உடம்புக்குத் தெரிவது வேறு.

சில தோழர்கள் கேட்பார்கள்: அம்பேத்கர் இருக்கும்போது சினிமாப் பையன் எதுக்கு? அம்பேத்கர் நம்ம தலைவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து, அரசியல் சட்டம் எழுதிய மேதை. அவரைப் பார்க்கணும் என்றால் தலையைத் தூக்கித்தான் பார்க்கணும். பரியன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன். அரியர் வைத்தவன். அவனும் படத்தில் தான் ஆகணும் என்று சொல்வது டாக்டர் அம்பேத்கராகத்தான். தலைவரை நோக்கி நடக்கிறவனும் ஒருத்தன் வேண்டியிருக்கிறது, நம்மோடு கூட நடக்க.

வக்கீல் கண்ணால் பார்த்தால் அந்தப் படம் முழுக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் பிரிவுகள்தான். அய்யாவின் துணியை உருவி ரோட்டில் ஓடவிடுகிறார்களே, அது பழைய சட்டத்தில் 3(1)(iii). 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1)(e). பலர் முன்னால் இழிவுபடுத்தினால் பழையபடி 3(1)(x), இப்போது 3(1)(r). கல்யாண வீட்டில் ரூமில் அடைத்து அடித்து மேலே மூத்திரம் பெய்கிறார்கள். அதற்கும் பிரிவு உண்டு. படம் வந்த அதே 2018இல், மார்ச் 20இல், உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2இல் நாடு முழுக்க நம்ம சனம் தெருவுக்கு வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. அப்படி மீட்ட சட்டம் கையில் இருக்கும்போது பரியன் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள்.

என்னிடம் வருகிற பையன்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு கல்லூரிப் பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. புகார் எழுதினோம். மறுநாளே அவன் மேல் எதிர்ப் புகார். 'எய்யா, கேசும் வேணாம் ஒண்ணும் வேணாம், எம் பிள்ளை பரீட்சை எழுதுனாப் போதும்' என்று அந்தத் தாய் என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டையும் செய்வோம் என்று சொன்னேன். கேசும் நடந்தது, பையன் பரீட்சையும் எழுதினான். பரீட்சை அன்றைக்கு எங்க தெருப் பையன்கள் இரண்டு பேர் அவனோடு பஸ்ஸில் போனார்கள்.

பரியன் திருப்பி வெட்டவில்லை, அவன் கோழை என்று சொன்னவர்களும் உண்டு. 2021இல் அதே மாரி செல்வராஜ் 'கர்ணன்' எடுத்தபோது, இவன்தான் நாயகன், வாள் எடுத்தான் பார் என்றார்கள். கொடியன்குளத்தை மனதில் வைத்துப் பார்க்கிறவனுக்குக் கர்ணன் வேணும்தான். ஊரே அடிபடும்போது ஊர் எழும்பணும். ஆனால் ஒரு கல்லூரி வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனிடம் வாளைக் கொடுத்தால் அவன் போகிற இடம் ஜெயில். நம்மைக் கோபப்படுத்திப் படிப்பை விடவைப்பதும் ஒரு சாதி வேலைதான். 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். படத்தில் பூ ராமு நடித்த பிரின்சிபால், செருப்புத் தைக்கிறவர் மகன், ரூமில் தூக்கில் தொங்குவதைவிடப் பிள்ளைகள் சண்டை போடட்டும் என்கிறார். பரியனும் சண்டை போடத்தான் செய்கிறான். ஆனால் படிப்பை விடவில்லை. கடைசியில் தன்னைக் கொல்லப் பார்த்த வீட்டுப் பெரிய மனுசனுக்கு எதிரில் நின்று, நீங்க மாறாதவரைக்கும் இங்க எதுவும் மாறாது என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. தனி டம்ளரில் டீ குடித்த தலைமுறைக்கு அந்தக் கிளாஸைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

சினிமாவை விட்டு வெளியே வந்தால் நிலைமை என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து, எழும்பி, 2024இல் 600க்கு 469 மார்க் வாங்கினான். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்று சொன்னது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேசை வெட்டிக் கொன்றார்கள். படித்து, கம்ப்யூட்டர் வேலையில் இருந்த இளைஞர். படிப்பு காப்பாற்றும் என்று நான் சொல்லவரவில்லை. காப்பாற்றாமல் போகும் என்று தெரிந்தும் படிக்கிறார்களே, அதற்குப் பேர்தான் வீரம் என்கிறேன்.

என் மகளும் இப்போது சட்டம் படிக்கிறாள். அவளுக்குப் பரியன் மேல் ஒரு வழக்கு உண்டு. 'எப்பா, அந்த ஜோவுக்கு என்ன நடந்துச்சுன்னு யாருமே சொல்லலையே. அவளைக் காப்பாத்துறதா நெனச்சு ஒண்ணும் தெரியாதவளாவே வச்சிருக்காங்க. அது என்ன நியாயம்?' என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குப் பிடித்தது 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்துச் செங்கேணி. 1993இல் ராஜாகண்ணு போலீஸ் காவலில் கொல்லப்பட்ட வழக்கை வைத்து எடுத்த படம். செங்கேணி நடந்துபோவாள், போலீஸ் ஜீப் பின்னால் ஊர்ந்து வரும். 'ஏறமாட்டேன்னு நடந்தா பாத்தியா, அதான் எனக்கு வேணும்' என்றாள். என் அய்யாவுக்குக் கிடைக்காத வசதி இது. நாயகனைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுத்தவனையே கூண்டில் ஏற்றிக் கேள்வியும் கேட்கலாம்.

நடிகனுக்குப் பால் ஊற்றச் சொல்லி நான் எழுதவில்லை. கதிர் நல்ல நடிகர், அவருக்கு வேறு படங்கள் உண்டு. பரியன் என்பவன் வேறு. அவனுக்கு ரசிகர் மன்றம் கிடையாது, கொடி கிடையாது, அவன் ஓட்டுக் கேட்டு வரமாட்டான். அவனை வைத்துச் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒவ்வொரு தெருவிலும் பட்டத்துக்கு மேல கோடு போட்டபடி பாதியில் நிற்கிற பையனும் பிள்ளையும் இருக்கிறார்கள். யாருக்குப் பீஸ் கட்டணும், யாருக்கு இங்கிலீஸ் சொல்லித் தரணும், யார்கூட பஸ்ஸில் போகணும் என்று கணக்கெடுப்போம். எங்க தெருவில் இந்த வருசம் ஏழு பேர். கோடு அழியட்டும்.