உப்புக் காற்றும் அரிவாளும்

கிழக்கே வங்கக்கடல், மற்றப் பக்கங்களில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள். புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்கால், காவிரியின் கடைமடை. அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் நெல், கரையோரம் தென்னை. மழையில் சாய்ந்த நெல்லுக்குச் சேற்றில் இயந்திரம் இறங்காதபோது அரிவாள்தான் கதி. ஆனால் உப்புக் காற்று இரும்பை விடுவதில்லை.

துருவுக்குப் பயந்து பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. பாத்திரம் செய்யும் எவர்சில்வர் தகடு தோய்ச்சலை ஏற்காது. கட்டடக் கம்பி போன்ற மென்மையான இரும்பில் கரிமம் சுமார் 0.2 சதவீதம், ஓரம் சீக்கிரம் மடங்கும். லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம். பட்டறைகளில் அதைத் தேடுவது இதனால்தான். செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் ஓரம் கடினமாகும். பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தாவிட்டால் மட்டையில் பட்டதும் சில்லு தெறிக்கும்.

வாங்கும்போது ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கடித்தால் தோய்ச்சல் போதாது. சாணை பிடிக்கையில் ஓரம் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் இறங்கிவிடும். அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கவும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். கடலோரத்தில் அரிவாளின் ஆயுள் பாதி பட்டறையில், பாதி வீட்டில்.