தீர்த்தமலையில் ஒரு காந்தம்

காந்தம் என்றதும் நம் குழந்தைகளுக்குப் பாடப் புஸ்தகத்துக் குதிரை லாடந்தான் நினைவு வருகிறது. தர்மபுரி ஜில்லாவில் தீர்த்தமலைக்கு நாம் யாத்திரை போகிறோம்; தீர்த்தமாடித் திரும்புகிறோம். அப்பிரதேசத்துப் பாறைகளில் காந்தத்துக்கு வசப்படும் இரும்புத் தாது வரிவரியாக ஓடுவதை அவர்கள் அறிவார்களா? 1965 வரை இதுவும் சேலம் ஜில்லாவே. சேலத்துத் தாதுவை உருக்கித்தான் நம் கொல்லர்கள் உருக்குச் செய்தார்கள். 1830-களில் வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்தியதும் அதைக் கொண்டுதான்.

அடுத்த முறை ஒரு காந்தத்தையும் மூட்டையில் கட்டுவோம். கருமணல் படிந்த ஓடையில் புரட்டினால், கரிய துகள்கள் இரு முனைகளிலும் மீசையாகச் சிலிர்த்து நிற்கும். நடுவில் வெகு சொற்பமே. வெண்மணலோ ஏறிட்டும் பாராது! ஒட்டிய துகளைப் பிரிப்பது மகா தொல்லை. ஆகையால் காந்தத்தை முதலில் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு அப்பாலும் அது இழுக்கும். காந்தத்தை உருவினால் துகள் உதிரும்.