சோளகம்தான், அண்ணை

காசு கொடுத்து ரசிகர் வாங்கினவன் நான். ஊரில் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மைக் வாங்கச் சொல்லி லண்டனில் இருந்து அண்ணா அனுப்பிய காசு அது. ஐயாயிரம் பேர், மூன்று இரவுக்குள் என் முகநூல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பு எனக்கு 37 பேர் இருந்தார்கள். வட்ஸ்அப்பில் ஒரு குழு. ஆடி மாத இரவில் தொழிலுக்குப் போகிறவர்களைப் பற்றி நான் கட்டிய ஒரு பாட்டைத் தங்களுக்குள் கைமாற்றி, கடைசியில் என்னையே தேடிப் பிடித்து, "தம்பி, அடுத்தது எப்ப?" என்று கேட்டவர்கள். பாதிப் பேர் வல்வெட்டித்துறைக் கரையில் படகு வைத்திருப்பவர்கள். மிச்சம் ஒரு சலூன்காரர், ரியூசன் பிள்ளைகள் சிலர், ரொறன்ரோவில் ஒரு மாமி. மாமி பாட்டைப் போட்டுவிட்டுத்தான் சமைப்பாராம். அவர் அனுப்பும் குரல் பதிவில் பின்னால் கடுகு வெடிக்கும்.

அந்தக் குழுவில் ஒரு நாள் விடியற்புறம் ஓர் அண்ணையின் குரல் வந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் போல, எஞ்சின் சத்தம் கேட்டது. "தம்பி, பாட்டு நல்லாயிருக்கு. ஆனா ஆடியிலை எங்கையடா வாடை? அது சோளகம் எல்லோ. கடலிலை நிண்டு கேக்கேக்கை சிரிப்பு வருது."

வாடை வடகிழக்குக் காற்று, மாரியோடு வருவது. சோளகம் தென்மேற்கில் இருந்து அடிப்பது. தைப்பொங்கலுக்குக் கடற்கரையில் விண் பூட்டிப் பட்டம் ஏற்றுகிற சின்னப் பெடியனுக்கே தெரிந்த வித்தியாசம். முகத்தில் அறைந்தது போல இருந்தது. பதில் போடவில்லை. அவருடைய போனில் இரண்டு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கும். என் பாட்டில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடலில் யோசித்தவர் அவர். எனக்கு அது குறை சொல்வதாகத்தான் பட்டது.

அந்த நாட்களில்தான் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008 இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றித் தெரியவந்தது. ஒரு கலைஞர் பிழைக்க ஆயிரம் உண்மை ரசிகர் போதும். ஆளுக்கு வருசம் 100 டொலர் செலவழித்தால் ஒரு இலட்சம் டொலர் என்பது அவர் கணக்கு. நான் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டேன், உண்மையை விட்டுவிட்டேன். ஆயிரத்துக்கே இவ்வளவு என்றால் ஐயாயிரத்துக்கு என்று கை பரபரத்தது.

வாங்கிய ஆட்களின் பெயர்களில் பாதியை என்னால் எழுத்துக் கூட்டவே முடியவில்லை. ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை. அதன் சேதம் பிறகுதான் பிடிபட்டது. புதிதாக ஒன்றை ஏற்றினால் முகநூல் முதலில் கொஞ்சப் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் சீண்டாவிட்டால் மற்றவர்களுக்குக் காட்டுவதையும் குறைத்துவிடும். என் பாட்டுகள் அந்தப் பொய் ஆட்களிடம் போய் அங்கேயே செத்துக் கிடந்தன. "இப்ப நீ பாடுறேல்லையோ தம்பி?" என்று மாமி கேட்டார். அந்த மாதம் நான் முகநூலில் மூன்று பாட்டுப் போட்டிருந்தேன்.

அந்த மூன்றிலும் 'வாறன்' என்று வாயில் வருவதை 'வர்றேன்' என்று பாடியிருந்தேன். சென்னைக்காரரும் கேட்பார்கள் என்ற நினைப்பு. சென்னைக்காரர் அசலையே கேட்பார், வல்வெட்டித்துறை நகல் அவருக்கு எதற்கு?

காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தைப் பற்றி அப்பப்பா கதை கதையாகச் சொல்வார். ஒரே அரிச்சந்திரன், ஊர் ஊராக, வருசக்கணக்காக. பாட்டெல்லாம் பாடமான சனம்தான் மறுபடியும் பாயோடு போய் விடிய விடிய இருந்ததாம். பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 'கலாங்' பாட்டுக்கூட லண்டனில் 2003 இல் முதலில் 500 இசைத்தட்டுகளாகத்தான் வந்தது. நான் வாங்கிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

சித்திரைப் பறுவத்தில் எங்கள் ஊர் முத்துமாரி அம்மன் தீர்த்தம். அன்றிரவு இந்திர விழா. வீதி முழுக்க மின்விளக்கு, இடத்துக்கிடம் மேடை. ஒரு மேடையில் இரண்டு இசைக்குழுக்களுக்கு நடுவே எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். "ஐயாயிரம் ரசிகர்களைக் கொண்ட எங்கள் ஊர்ப் பாடகர்" என்றார் அறிவிப்பாளர். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தது நான்தான். 'வர்றேன்' பாட்டைத் தொடங்கினேன். சனம் கச்சான் உடைத்துக்கொண்டு அடுத்த மேடையைப் பார்த்து நகர்ந்தது. பின்னால் மதிலோரம் ஏழெட்டுப் பேர் மட்டும் அசையாமல் நின்றார்கள். "தம்பி, அந்த ஆடிப் பாட்டைப் பாடன்!" என்று ஒரு குரல். எஞ்சின் சத்தம் இல்லாவிட்டாலும் குரல் யாருடையது என்று தெரிந்தது. கேட்காதவன் போல அடுத்த பாட்டுக்குப் போனேன். பாடியிருந்தால் அந்த வாடையை அவர் முன்னாலேயே பாடியிருக்க வேண்டும்.

பாடி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மதிலோரம் வெறுமையாக இருந்தது. குழுவில் இப்போது 19 பேர்.

போன மாதம் அந்த வரியைத் திருத்திப் பாடி, போனிலேயே பதிந்து, குழுவில் போட்டேன். "சோளகம்தான், அண்ணை. பிழை என்ரை" என்று கீழே எழுதினேன். ஒன்றரை வருசம் பிந்திய பதில். அவர் இன்னும் குழுவில் இருக்கிறார். இரண்டு நீலச் சரி விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

லண்டன் அண்ணா கதைக்கிற நேரமெல்லாம் மைக் எப்படி என்று கேட்பார். நல்ல மைக் அண்ணா, குரல் துப்புரவாக விழுகுது என்பேன். இதை வாசித்தால் அவருக்கும் தெரியவரும்.